கிரெடிட்டுன்னா கடன்தானுங்க

அந்த நாற்காலி வேண்டாம் மேடம், அதுக்கு ஒரு கால் ஆடுது. போன வாரம் ஒருத்தர் உக்காந்து ஃபைலோட கீழ போனாரு. இப்படி வாங்க, இதுல உக்காருங்க. ஆடிட்டர் லோகநாதன் பத்தரைன்னு சொன்னா பதினொண்ணே முக்காலுக்குத்தான் கூப்பிடுவாரு. ஊர்ல இருக்கிறவன் கணக்கையெல்லாம் பாப்பாரு, சுவத்துல இருக்கிற கடிகாரத்தை மட்டும் பாக்க மாட்டாரு.

நீங்களும் அமெரிக்கா பாஸ்போர்ட்தானுங்களா? ஃபைல் மேல அட்டை தெரிஞ்சுது, அதான் கேட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க. நானும் அதேதான். பேரு வெள்ளியங்கிரி. அங்க எல்லாரும் வெல்லி, வெல்லிம்பானுக. இருபத்தாறு வருஷம் சொல்லிக் குடுத்தும் ஒருத்தன் வாயிலயும் ‘ள்ளி’ வரலைங்க. ஓஹையோவுல கார் பாகம் செய்யற கம்பெனி. ஒரகடத்துல புதுசா ஃபேக்டரி போட்டாங்க, மூணு வருஷத்துக்கு என்னை அனுப்பிட்டாங்க. பெருந்துறையில பொறந்தவன் மெட்ராஸுக்கு வெளிநாட்டு ஊழியரா வந்திருக்கேன், கூத்தைப் பாருங்க. ஆபீஸ்ல என் பேருக்கு நேரா ‘எக்ஸ்பாட்’னு போட்டிருக்கு. கேன்டீன்ல எனக்கு மட்டும் காரமில்லாத குழம்பு தனியா வெக்கிறானுக! நானும் போன வருஷம் பிப்ரவரியில இருந்து சொல்லிட்டே இருக்கேன், கேக்கிற ஆளைக் காணோம்.

சரி, நான் அமெரிக்கா வரி ஃபாரத்துக்கு வந்தேன், நீங்க? அதேதானா? அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். நாம உலகத்துல எந்த மூலையில சம்பாதிச்சாலும் அமெரிக்காக்காரனுக்குக் கணக்கு காட்டணும். இங்கயும் வரி, அங்கயும் வரி. ரெண்டு பக்கமும் அடி விழாம இருக்க ரெண்டு வழி வெச்சிருக்கான். ஒண்ணு விலக்கு. வெளிநாட்டுல சம்பாதிச்சதை ஒரு வரம்பு வரைக்கும் கணக்குலயே சேக்க மாட்டான். என் சம்பளம் அந்த வரம்புக்குள்ளதான். ஆனா பன்னெண்டு மாசத்துல முந்நூத்தி முப்பது நாள் முழுசா வெளிநாட்டுல இருந்திருக்கணும். மிச்சம் முப்பத்தஞ்சு நாள்தான் நம்ம கையில. இன்னொண்ணு கிரெடிட். இங்க கட்டுன வரியை அங்க கட்டவேண்டியதுல கழிச்சுக்குவான். அதுக்கு நாள் கணக்கு கிடையாது.

நான் எது எடுத்தேன்னா கேக்கிறீங்க? இதுல கேக்கிறதுக்கு என்ன இருக்குது மேடம். விலக்குதான். விலக்குன்னாலே ஒரு மரியாதை இருக்குதில்லிங்க? கவர்மென்டே நம்மளைப் பாத்து, ‘ஐயா, உங்க பக்கமே நான் வரலைங்க’ன்னு ஒதுங்கி நிக்குது. கிரெடிட்டுன்னா என்ன? கடன். வேற என்ன அர்த்தம்? எங்க குடும்பத்துல கடன்னு ஒருத்தன் வாசப்படியில நின்னதில்ல. அமெரிக்காவுல இருபத்தாறு வருஷமும் நான் கிரெடிட் கார்டு வெச்சதில்லைங்க. வாடகைக்கு வீடு பாக்கப் போனா, உனக்கு கிரெடிட்டே இல்லியேன்னு ஏளனமா பாப்பானுக. எனக்கு அது பெருமைடான்னு சொல்லிட்டு வருவேன். அப்படிப்பட்டவன் போயி, அம்பத்தெட்டு வயசுல, கவர்மென்டுகிட்ட கிரெடிட் குடுன்னு கேக்கிறதா?

சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவால்ல. என் மச்சினனும் இப்படித்தான் சிரிச்சான்.

நாச்சிமுத்துன்னு பேரு, என் சம்சாரத்தோட தம்பி. ஜெர்மனியில மியூனிக்ல வேலை. அவனும் நம்ம மாதிரி அமெரிக்கா பாஸ்போர்ட்தான். நான் இங்க வந்து எறங்குன வாரமே போன் பண்ணிட்டான். “மச்சான், நீங்க கிரெடிட் எடுங்க. அது கடன் இல்ல மச்சான், வரவு. இந்தியாவுல உங்களுக்குப் பிடிக்கிற வரி அங்க கட்டவேண்டியதைவிட ஜாஸ்தி. கழிச்சா சைபர்தான் வரும். மிச்சம் இருக்கிறதைப் பத்து வருஷத்துக்கு எடுத்து வெச்சுக்கலாம். நாளும் எண்ண வேண்டாம்.” இவன் யாருங்க எனக்குச் சொல்றதுக்கு? காலேஜ்ல அக்கவுன்டன்சில ரெண்டு தடவை கோட்டை விட்டவன். இவனுக்கு ஃபீஸ் கட்டுனதே நான்தான். வாடகை வீடு, சைக்கிள்ல ஆபீஸ் போறான், வருஷத்துக்கு மூணு ஊரு சுத்தறான். கையில ஒண்ணும் நிக்காது. இவன் எனக்கு வரவு பத்திப் பேசறான்.

எனக்கு வழி காட்டுனவரு துபாய்ல இருக்கிற ஒரு சிநேகிதர். அவரு பன்னெண்டு வருஷமா விலக்குதான் எடுக்கிறாரு. கண்ணை மூடிட்டு எடுங்க வெள்ளியங்கிரின்னாரு. என்ன மேடம்? துபாய்ல வரியே இல்ல, கழிக்கிறதுக்கும் ஒண்ணுமில்ல, அதனால அவருக்கு விலக்குதான் சரியா? ஆடிட்டரும் இதையேதான் சொன்னாரு. எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க போல.

விலக்கு எடுக்கப் போறேன்னு சொன்னதும் என் சம்சாரம் சுலோச்சனா என்ன சொன்னா தெரியுமுங்களா? “எங்க ஊர்ல விலக்குன்னா மூலையில தனியா உக்கார வெப்பாங்க, உங்களையும் அப்படி வெக்கப் போறாங்க”ன்னா. பொம்பளைக்கு எதுல வெளையாடறதுன்னு இல்ல பாருங்க.

நான் ஒழுங்கா செஞ்சேனுங்க. தினக்காலண்டர் ஒண்ணு வாங்கி மாட்டுனேன். அமெரிக்காவுல இருந்த நாளுக்கெல்லாம் தாளைக் கிழிச்சு கிளிப் போட்டு வெச்சேன். ஃப்ளைட்டு ஏறற நாள், எறங்கற நாள், கடலுக்கு மேல பறக்கிற நாள், அத்தனையும் சேத்து. கம்பெனிக்காரன் மே மாசம் மீட்டிங்குன்னு எட்டு நாளைத் தின்னுட்டான். மீட்டிங்ல என்ன பேசுனானுக? ஃபேக்டரி போர்டுக்கு நீலக் கலரா பச்சைக் கலரான்னு பேசுனானுக. ஜூலையில பொண்ணுக்கு வளைகாப்பு, அதுக்கு ஆறு நாள். பதினாலு போச்சு, இருபத்தொண்ணு மிச்சம்.

ஒரே பொண்ணுங்க எனக்கு. சிந்துஜா. அங்கயே பொறந்து வளந்தவ. ஆனா தமிழ் அப்படிப் பேசுவா, ‘ஏனுங்கப்பா’ம்பா. கொலம்பஸ்ல இருக்கா. அக்டோபர் கடைசியில தேதி குடுத்திருந்தாங்க. நான் கணக்குப் போட்டு வெச்சிருந்தேன், தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி எறங்கறது, பத்தொம்பது நாள் பேரனோட இருக்கிறது, திரும்பறது. ஒரு நாள் வீணாகாது. சுலோச்சனா வளைகாப்புக்குப் போனவ அங்கயே இருந்துட்டா, அவளுக்கென்ன, சம்பளமா வரியா.

ஆகஸ்ட் கடைசியில சிந்துஜா போன் பண்ணுனா. ரத்தம் பட்டிருச்சு, கட்டிலை விட்டு எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாப்பிள்ளைப் பையன் எதுக்கும் பயப்படுவான். நல்ல பையன்தான், துணி மடிப்பான், பாத்திரம் கழுவுவான், ஆனா ஆஸ்பத்திரின்னா மூஞ்சி வெளுத்துரும். “அப்பா, எனக்குப் பயமா இருக்குதுப்பா. நீங்க வந்து எங்கூட இருங்கப்பா”ன்னா. எனக்கும் ஓடிப் போயிரலாம்னுதான் இருந்துது மேடம். ஆனா அந்த நேரத்துல யாராவது ஒருத்தர் நிதானமா இருக்கணுமில்லிங்க? நான் சொன்னேன், “கண்ணு, அப்பங்கையில இருபத்தொரு நாள் இருக்குது. இப்ப வேணுமா, குழந்தை பொறந்த பொறவு வேணுமா, எது வேணுமோ நீயே சொல்லு.” இதைவிட நியாயமா ஒரு அப்பன் எப்படிப் பேச முடியும்? முடிவை அவகிட்டயே குடுத்துட்டேன்.

அவ, “பொறந்த பொறவே வாங்க”ன்னு போனை வெச்சுட்டா.

சரின்னு நான் இருந்தா, இவன் குதிச்சுட்டானுங்க, நாச்சிமுத்து. சம்பளமில்லாத லீவு போட்டுட்டு மியூனிக்ல இருந்து கெளம்பி வந்து நிக்கிறான். ரெண்டு மாசம்! யாரு கூப்பிட்டா இவனை? சமைச்சுப் போடறானாம், ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்துல பாய் போட்டுப் படுத்துக்கறானாம். தாய்மாமனாம். சுலோச்சனா வேற தெனமும், “எந்தம்பி இல்லேன்னா என்ன ஆயிருக்கும்”னு போன்ல பஜனை. சம்பளத்தை விட்டுட்டு வந்து உக்காந்தா அதுக்குப் பேரு பாசமா மேடம்? பொழைக்கத் தெரியாதவன்னு சொல்லுவேன் நான்.

குழந்தை செப்டம்பர் பதினாலாம் தேதியே பொறந்துருச்சு. பையன். ஒண்ணேமுக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுட்டாங்க. உடனே வாங்கன்னு சுலோச்சனா அழுதா. நான் கேட்டேன், “கண்ணாடிக்கு வெளிய நின்னு நான் என்ன பண்றது? வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றப்ப வந்தாத்தானே தூக்க முடியும்?” நியாயம்தானுங்களே? அக்டோபர் அஞ்சாம் தேதி வீட்டுக்கு விட்டுருவோம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. நான் ரெண்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டேன். கணக்கு கச்சிதம்.

நான் போய் எறங்குன அன்னைக்கே குழந்தைக்குக் காய்ச்சல். ஏதோ கிருமி. அஞ்சாம் தேதி பத்தாம் தேதியாச்சு, பத்து பதினேழாச்சு. தெனமும் ஆஸ்பத்திரிக்குப் போவேனுங்க. கையைக் கழுவிட்டு அந்தப் பெட்டி ஓட்டைக்குள்ள விட்டா என் சுண்டுவிரலைப் பிடிச்சுக்குவான். இத்தனூண்டு கை மேடம், ஆனா விடவே மாட்டான். நர்ஸம்மா வந்து நேரமாச்சு நேரமாச்சுன்னுதான் பிரிச்சு விடுவாங்க. அப்ப எனக்கு நாள் ஞாபகமே இருக்காதுங்க, பொய் சொல்லக் கூடாது.

கடைசியா இருபத்திமூணாம் தேதி வீட்டுக்கு விடறோம்னு உறுதியா சொல்லிட்டாங்க. என் ஃப்ளைட்டு இருபத்தொண்ணு. மறுநாள் இங்க வந்து எறங்கறதையும் சேத்தா முப்பத்தஞ்சு தீந்துது.

ரெண்டு நாள். ரெண்டே நாள்.

சிந்துஜா வாசல்ல வந்து நின்னுட்டா. எந்திரிச்சு நடக்கவே தெம்பில்ல அவளுக்கு, செவுத்தைப் பிடிச்சுட்டு நிக்கிறா. “அப்பா, ரெண்டு நாள்ப்பா. நீங்கதான் அவனை வீட்டுக்குள்ள தூக்கிட்டு வரணும். நீங்கதான் சேனை வெக்கணும். அதுக்குன்னுதான் வேற யாரையும் வெக்க விடாம இருக்கேன்.” சேனை உங்க பக்கமும் உண்டுங்களா? குழந்தை நாக்குல முதல் முதலா இனிப்புத் தொட்டு வெக்கிறது. வெக்கிறவங்க கொணம் அப்படியே குழந்தைக்கு வரும்பாங்க. அமெரிக்காவுல பொறந்த புள்ளை அதை ஞாபகம் வெச்சுக் கேக்கிறா பாருங்க. எங்கப்பன் மாதிரி இருக்கணும்னு ஆசை அவளுக்கு.

நான் எடுத்துச் சொன்னேனுங்க. “கண்ணு, ரெண்டு நாள் இருந்தா முந்நூத்தி முப்பது முந்நூத்தி இருபத்தெட்டா ஆயிரும். வருஷம் பூரா காத்துக்கிட்டது அத்தனையும் போயிரும்.” அப்ப நாச்சிமுத்து சமையல்கட்டுல இருந்து கரண்டியோட வர்றான், “மச்சான், கிரெடிட் எடுத்துக்கலாம் மச்சான், இருங்க. ஒரு பைசா சேத்துக் கட்ட வேண்டியதில்ல. நான் எழுதித் தர்றேன்”னு. வேட்டியில மாவு, கையில கரண்டி, இவன் எனக்கு எழுதித் தர்றானாம்! சம்பந்தியம்மா வேற உக்காந்து பாக்கறாங்க. எனக்கு எப்படி இருக்கும்? “மாப்ள, தோசையைத் திருப்பற வேலையைப் பாரு”ன்னுட்டு டாக்ஸியில ஏறிட்டேன். அந்த இடத்துல நான் இருந்திருந்தா அவன் சொல்லித்தான் இருந்தேன்னு ஆயிருக்கும். ஆயிருக்குமா ஆயிருக்காதா, நீங்களே சொல்லுங்க.

இருபத்திமூணாம் தேதி அவன்தான் குழந்தையைத் தூக்கிட்டு வந்தான். தேன் ஆகாதுன்னு டாக்டர் சொன்னதால சர்க்கரைத் தண்ணி. அவன் விரல்லதான் தொட்டு வெச்சான். வீடியோ அனுப்புனாங்க. இனி பேரன் சைக்கிள்ல ஊர் சுத்தப் போறான், வேறென்ன.

இதெல்லாம் முடிஞ்சு போன வாரம் இங்க வந்தா, இந்த லோகநாதன் என்ன பண்ணுனாருன்னு கேளுங்க. நான் கேக்கவே இல்ல, அவரா ஒரு தாளை எடுத்து நடுவுல கோடு போட்டு, இந்தப் பக்கம் விலக்கு, அந்தப் பக்கம் கிரெடிட்டுன்னு ரெண்டையும் போட்டுப் பாத்தாரு. அடியில ரெண்டு பக்கமும் சைபர். தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளுனாரு. “சார், அமெரிக்காவுக்கு நீங்க கட்டவேண்டியது எப்படிப் பாத்தாலும் ஒண்ணுமில்ல. ஒரு வருஷம் முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா அங்க உங்க இஷ்டத்துக்கு இருந்திருக்கலாமே, யாராவது சொல்லலையா?”ன்னாரு. எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. “யோசனை சொல்லறதுக்கா உங்களுக்கு ஃபீஸ் குடுக்கறேன்?”னு கேட்டேன். “ஆமா சார், அதுக்குத்தான்”ங்கறாரு அந்த மனுசன். திமிரைப் பாத்தீங்களா?

அதான் இன்னைக்கு வரச் சொன்னாரு. ரெண்டுல ஒண்ணைச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடணும். கிரெடிட் எடுத்தா இந்த வருஷமும் நாள் எண்ண வேண்டாம், மிச்ச வரி பத்து வருஷத்துக்கு நிக்கும், அதுதான் நல்லதுங்கறாரு. விலக்கை எடுத்துட்டு அப்பறம் வேண்டாம்னு விட்டா, அஞ்சு வருஷத்துக்கு லேசுல விலக்குப் பக்கம் திரும்ப முடியாதாம்.

ஆமா, நீங்க எது எடுத்திருக்கீங்க? கிரெடிட்டா. ஓஹோ. நீங்களுமா. போன வருஷம் அங்க எத்தனை நாள் இருந்தீங்க? மகனோட அறுவை சிகிச்சைக்கா? சரி, எத்தனை நாள்? சும்மா தோராயமா சொல்லுங்க. என்னது, எண்ணலையா? எண்ணவே இல்லையா மேடம்?

ம்.

நான் விலக்குன்னுதான் எழுதப் போறேனுங்க. எல்லாரும் சேந்து என்னைக் கிறுக்கன்னு சொன்னாலும் சரி. ஏன்னு கேளுங்க. இப்பப் போயி கிரெடிட்டுன்னு கையெழுத்துப் போட்டா, அந்த ரெண்டு நாளுக்கு நான் என்ன பதில் சொல்றது? செவுத்தைப் பிடிச்சுட்டு நின்னாளே, அவளுக்கு என்ன சொல்றது? அப்பன் சும்மா ஏறிப் போயிட்டேன் கண்ணுன்னா? விலக்குன்னு எழுதுனாத்தானுங்க நான் போனதுக்கு ஒரு காரணம் இருக்கும். அந்த ஆடிட்டருக்கு சைபர் தெரியுது, இது தெரியல.

ஆனா ஒண்ணு, பொண்ணு புரிஞ்சுக்கிட்டா. அதான் எனக்கு ஆறுதல். போன ஞாயித்துக்கிழமை பேசுனா. நான் ஆசையா சொன்னேன், “கண்ணு, இந்த வருஷக் கணக்குல அப்பன் இன்னும் ஒரு நாள் கூடத் தொடல. மீட்டிங்குக்கும் வர முடியாதுன்னுட்டேன். செப்டம்பர்ல பேரனுக்கு மொதப் பொறந்தநாள், காது குத்து, முப்பத்தஞ்சு நாளையும் சேத்து வெச்சு மொத்தமா வந்து இருக்கறேன்”னு. அவ கோபமே படலைங்க. ரொம்ப அமைதியா சொன்னா, “வேண்டாம்ப்பா. எங்களுக்குன்னு ஒரு நாளும் செலவு பண்ணாதீங்க. எல்லாம் மாமா இருந்து பாத்துக்குவாரு. உங்க நாளெல்லாம் உங்களுக்கே இருக்கட்டும்”னா. பாத்தீங்களா? எவ்வளவு பொறுப்பு. நாளோட அருமை தெரிஞ்சிருச்சு அவளுக்கு. சுலோச்சனாகிட்டப் போனைக் குடுன்னேன், அவ வாங்கல.

இதா, என் பேரைக் கூப்பிடறாங்க. வர்றேனுங்க லோகநாதன், இருங்க, வர்றேன். நீங்க அந்த ஃபேனுக்கு நேரா நகந்து உக்காருங்க மேடம், நான் சீக்கிரம் வந்துருவேன். ஒரு கையெழுத்துதானே.

இல்ல, அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க எண்ணாம போறவங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முப்பத்தஞ்சு நாளும் முழுசா கையில வெச்சிருக்கேன் மேடம். நான் எங்க போறதுங்க?